காலையில் திணறும் கணினி: பின்னணியில் ஓடுவதை நிறுத்தும் முன்

காரைக்குடியில் இருந்துகொண்டு தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் வரைக்கும் கடைகளுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் கணினி பார்த்துக் கொடுப்பது என் தொழில். புதிதாக வாங்கித் தருவதைவிட, இருப்பதை ஓட வைப்பதில்தான் என் நேரம் அதிகம் போகிறது. வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். "தம்பி, காலையில போட்டா பதினோரு மணி வரைக்கும் சிஸ்டம் நகரவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தால், கணினியில் ஓடுவதையெல்லாம் பட்டியலிட்டுக் காட்டும் டாஸ்க் மேனேஜர் திறந்தபடி இருக்கும். "பாருங்க, நூத்தி எழுபது ஓடுது. நாம தொறந்தது ரெண்டுதான். மத்ததை எல்லாம் நிறுத்திக் குடுத்துடுங்க."

கேட்பவர் மேல் தவறில்லை. தன் கணினியில் தனக்குத் தெரியாமல் இத்தனை ஓடுகிறது என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். இணையத்தில் தேடினால் "இந்த இருபது சர்வீஸை முடக்குங்கள், கணினி பறக்கும்" என்று வீடியோக்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைப் பார்த்து முடக்கி, பிறகு பிரிண்டர் போய், வைஃபை போய், தமிழ் தட்டச்சு போய் என்னிடம் வந்த கணினிகள் நிறைய. அதனால்தான் இதை எழுதுகிறேன். எத்தனை ஓடுகிறது என்பது முக்கியமில்லை. இந்த நிமிடம் எது உழைக்கிறது, அது யார் கொடுத்த வேலை, எப்போது முடிந்திருக்க வேண்டிய வேலை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அடிப்படை. ப்ராசஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். தனக்கென்று ஒரு எண்ணும், நினைவகத்தில் தனக்கென்று இடமும் அதற்கு உண்டு. சர்வீஸும் ஒரு ப்ராசஸுக்குள் ஓடுவதுதான். ஆனால் அதைத் தொடங்கி வைப்பது நாம் அல்ல, விண்டோஸ். திரையில் ஒன்றும் திறக்காது. நாம் கடவுச்சொல் அடிப்பதற்கு முன்பே அது வேலையைத் தொடங்கியிருக்கும். லாகின் திரையிலேயே வைஃபை இணைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது ஒரு சர்வீஸின் வேலை. விஸ்டா காலத்திலிருந்து சர்வீஸ்களை நம் பக்கத்திலிருந்து பிரித்து, செஷன் ஜீரோ என்ற தனி இடத்தில் விண்டோஸ் ஓட்டுகிறது. நாம் திறக்கும் ஏதோ ஒரு தப்பான நிரல் சர்வீஸ்களின் அதிகாரத்தைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

டாஸ்க் மேனேஜரைத் திறக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். 1996-இல் வந்த விண்டோஸ் என்டி 4.0-விலிருந்து கூடவே வரும் கருவி இது. திறந்ததும் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். சிபியு என்ற தலைப்பைச் சொடுக்குங்கள். அதிகம் உழைப்பது மேலே வரும். அப்புறம் மெமரி, அப்புறம் டிஸ்க். மூன்றையும் மாற்றி மாற்றிச் சொடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடமாவது பொறுத்துப் பாருங்கள். அந்த நூற்று எழுபதில் நூற்றைம்பதுக்கு மேல் பூஜ்யம் சதவீதத்தில் இருக்கும். அவை தூங்குகின்றன. கூப்பிட்டால் எழும். தூங்குவதை நிறுத்தி மிச்சம் பிடிக்கப் போவது மிகச் சொற்பம்.

டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போனால் 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' 95 சதவீதம் என்று காட்டும். இதைப் பார்த்துப் பதறி அழைத்தவர்கள் உண்டு. சிபியு 95 சதவீதம் சும்மா இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். அது அதிகமாக இருப்பது நல்லது.

மெமரியிலும் இப்படி ஒரு பயம் இருக்கிறது. எட்டு ஜிபியில் ஐந்து ஜிபி போய்விட்டதே என்பார்கள். அடிக்கடி திறக்கும் நிரல்களின் பகுதிகளை விண்டோஸ் முன்கூட்டியே எடுத்து, காலியாகக் கிடக்கும் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இதைச் செய்யும் சர்வீஸின் பெயர் இப்போது சிஸ்மெயின், முன்பு சூப்பர்ஃபெட்ச். அப்படி எடுத்து வைத்த பகுதி, வேறு நிரல் கேட்ட கணத்தில் காலி செய்து கொடுக்கப்படும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'அவைலபிள்' என்று ஒரு எண் இருக்கும். அது ஒரு ஜிபிக்கும் கீழே போய் அங்கேயே நின்றால் கவலைப்படலாம். அதுவரை வேண்டாம்.

அடுத்து, எல்லோரையும் குழப்புகிற 'சர்வீஸ் ஹோஸ்ட்'. டீடெய்ல்ஸ் பக்கத்தில் எஸ்விசிஹோஸ்ட் என்று அறுபது, எழுபது வரிகள் நிற்கும். வைரஸ் தன்னைத்தானே நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது என்றே பலர் நினைக்கிறார்கள். முன்பெல்லாம் பல சர்வீஸ்களை ஒரே ஹோஸ்டுக்குள் போட்டு விண்டோஸ் ஓட்டியது. நினைவகம் மிச்சமாகும், ஆனால் ஒன்று கவிழ்ந்தால் கூட இருந்தவை எல்லாம் கவிழும். 2017-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில் இதை மாற்றினார்கள். 3.5 ஜிபிக்கு மேல் ரேம் இருக்கும் கணினியில் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனி ஹோஸ்ட். நம் நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை 'வேறு வைப்பார்கள்' இல்லையா, அதே வீடு, அதே வளவு, ஆனால் அடுப்பும் கணக்கும் தனி. அப்படித்தான் இது. ஒருவர் கணக்கில் துண்டு விழுந்தால் அது யாருடையது என்று உடனே தெரிகிறது, மற்றவர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. வரிகள் கூடியதற்கு அதுதான் காரணம். எந்த ஹோஸ்டுக்குள் எந்த சர்வீஸ் என்று பார்க்க, ப்ராசஸஸ் பக்கத்தில் அதன் பக்கத்து அம்புக்குறியைச் சொடுக்கினால் பெயர் விரியும்.

மெயினை அணைக்கும் பழக்கம்

இப்போது காலைத் திணறலுக்கு வருகிறேன். இந்த ஊர்ப் பக்கத்துக்கென்று நான் சொல்ல நினைப்பது இதுதான்.

காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடை. பில் போட ஒரு கணினி, விண்டோஸ் 10, நான்கு ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். கடை அண்ணன் தினமும் சொல்லும் குறை ஒன்றுதான். காலையில் வாடிக்கையாளர் நிற்கும்போது பில் திரை திறக்க மாட்டேன் என்கிறது, மதியத்துக்கு மேல் சரியாகிவிடுகிறது. சிஸ்டத்தில் கோளாறு என்றால் மதியத்துக்கு மேல் எப்படிச் சரியாகும்? அதனால் நான் கடை திறக்கும் நேரத்துக்கே போய் உட்கார்ந்தேன். டாஸ்க் மேனேஜரில் சிபியு முப்பது சதவீதம்கூட இல்லை. டிஸ்க் 100 சதவீதம், இறங்கவே இல்லை. மேலே நின்றவை மூன்று: விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர், ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள், சர்ச் இண்டெக்ஸர். புதுப்பிப்பை நிறுவுவது ஒன்று, வைரஸ் தேடுவது ஒன்று, கோப்புகளுக்கு அட்டவணை போடுவது ஒன்று. மூன்றும் விண்டோஸுக்கு அவசியமான வேலைகள்.

அவை ஏன் காலை பத்து மணிக்கு வந்து நிற்கின்றன? ஒவ்வொரு இரவும் கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போகிறார்கள். இங்கே பெரும்பாலான கடைகளில் அதுதான் வழக்கம். மின்கசிவுக்கும் இடிமின்னலுக்கும் பயந்து செய்வது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்புக்கு வைக்கப்பட்டிருக்கும் நேரம் இரவு இரண்டு மணி. அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் வேலை ரத்தாவதில்லை. அடுத்த முறை போட்ட பிறகு, கணினி சும்மா இருப்பதாகத் தோன்றும்போது தொடங்கும். கடை அண்ணன் காலையில் கணினியைப் போட்டுவிட்டு, பூப் போட்டு, சாமி கும்பிட்டு, சேலைகளை அடுக்கப் போய்விடுகிறார். கணினி அதைச் சும்மா இருக்கும் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. முதல் வாடிக்கையாளர் வரும்போது பராமரிப்பு பாதியில் நிற்கிறது. விசைப்பலகையைத் தொட்டதும் அது விலகத்தான் பார்க்கும், ஆனால் புதுப்பிப்பு நிறுவும் வேலை அவ்வளவு சீக்கிரம் விலகாது.

அதோடு புதுப்பிப்பு வெளியாகும் நாளையும் சேர்த்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்பை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்கப் பசிபிக் நேரம் காலை பத்து மணி என்றால் நமக்கு அன்று இரவு பத்தரையோ பதினொன்றரையோ ஆகும். ஆக, அந்த செவ்வாய்க்கு மறுநாள் புதன்கிழமை காலைதான் நம் கடைகளில் கணினி மிக மோசமாகத் திணறும். இதைச் சொன்னபோது கடை அண்ணன் காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போன மாசம் முகூர்த்த நாளுக்கு முந்தின புதன்கிழமைதான் ரொம்பப் படுத்துச்சு" என்றார்.

செய்தது சிறிய மாற்றங்கள்தான். கன்ட்ரோல் பேனலில் 'செக்யூரிட்டி அண்ட் மெயின்டனன்ஸ்' என்ற இடத்தில் பராமரிப்பு நேரத்தை மாற்ற முடியும். கடையில் மதியம் கூட்டம் குறையும் நேரத்துக்கு அதை நகர்த்தினேன். புதுப்பிப்புக்கான 'ஆக்டிவ் ஹவர்ஸ்' பகுதியில் கடை நேரத்தைப் போட்டேன், வியாபாரம் நடக்கும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகாது. இரண்டாவது செவ்வாய்க்கு மறுநாள் மட்டும், இரவில் கணக்கு முடிக்கும்போது கணினியை ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட விட்டு, புதுப்பிப்பு முடிந்து ரீஸ்டார்ட் ஆன பிறகு அணைக்கச் சொன்னேன். ஒரு சர்வீஸைக்கூட முடக்கவில்லை. காலைத் திணறல் பெருமளவு போய்விட்டது.

மிச்சம் இருந்தது ஹார்டு டிஸ்கின் குறை. சுழலும் தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம், ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கச் சொன்னால் விநாடிக்கு நூறு, நூற்றைம்பதுதான் அதால் முடியும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வட்டு, சாதாரணமானதுகூட, அதே வேலையைப் பல்லாயிரக்கணக்கில் செய்யும். மூன்று பின்னணி வேலைகள் ஒரே நேரத்தில் கேட்டால் ஹார்டு டிஸ்க் அங்கும் இங்கும் ஓடியே களைத்துவிடும், எஸ்எஸ்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சர்வீஸ்களை முடக்கும் வீடியோக்கள் தருவதாகச் சொல்லும் வேகத்தை உண்மையில் தருவது இந்த ஒரு மாற்றம்தான். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதை எஸ்எஸ்டியில் போடுங்கள் என்று நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

அணைத்தாலும் அணையாதது

கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள். வரவேற்பில் இருக்கும் கணினியைத் தினமும் இரவு முறைப்படி ஷட்டவுன் செய்கிறார்கள். ஆனாலும் வாரக் கடைசியில் மெதுவாகிவிடும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போனால் 'அப் டைம்' என்று ஒரு எண் இருக்கிறது. அங்கே வாரக்கணக்காக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. "தினமும் அணைக்கிறோமே அண்ணே" என்றார் வரவேற்பில் இருந்த பிள்ளை. அவர் சொன்னது உண்மைதான். விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் நாம் திறந்த நிரல்கள் மூடப்படும், ஆனால் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும், பிரிண்டர், வைஃபை போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர்களும் அப்படியே டிஸ்கில் எழுதி வைக்கப்படும். மறுநாள் அதையே எடுத்துப் படித்து எழுந்துகொள்கிறது. ஏதாவது ஒரு டிரைவர் நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் சேர்த்துக்கொண்டே போனால், ஷட்டவுன் செய்வதால் அது தீராது.

ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அணைப்பதைவிட ரீஸ்டார்ட்தான் முழுமையானது என்பது பலருக்கும் புதுச் செய்தி. வாரத்துக்கு ஒரு நாள் ரீஸ்டார்ட் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழு ஷட்டவுனாக இருக்கும்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு ஆச்சி வீட்டிலேயே பலகாரம் செய்து அனுப்புகிறார்கள். தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம். சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. கூரியருக்கு முகவரி ஒட்ட ஒரு பிரிண்டர். "தம்பி, நேத்து வரைக்கும் நல்லா அடிச்சுச்சு. இன்னைக்கு பிரிண்டரே இல்லைங்குது. பொட்டியெல்லாம் கட்டி வச்சாச்சுப்பா, சாயந்தரம் கூரியர்க்காரன் வந்துருவான்" என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால், அச்சு வேலைகளை வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்பும் பிரின்ட் ஸ்பூலர் சர்வீஸ் 'டிசேபிள்ட்', அதாவது முடக்கியது, என்று இருந்தது. ஊருக்கு வந்திருந்த பேரன் முந்தின நாள் கணினியைப் பாதுகாப்பாக்கித் தருகிறேன் என்று செய்திருக்கிறான். அவன் படித்ததும் பொய்யில்லை. 2021 ஜூலையில் பிரின்ட்நைட்மேர் என்று பெயர் பெற்ற ஓட்டை பிரின்ட் ஸ்பூலரில் வெளிவந்தபோது, பிரிண்டர் தேவைப்படாத கணினிகளிலும் சர்வர்களிலும் அந்த சர்வீஸை நிறுத்துங்கள் என்றுதான் அறிவுரை சொன்னார்கள். அந்த மாதமே அதற்கு அவசரப் புதுப்பிப்பும் வந்தது. தினமும் முகவரி அச்சடிக்கும் வீட்டுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அங்கே புதுப்பிப்பைப் போட்டுக்கொண்டு சர்வீஸை ஓட விடுவதுதான் சரி. பேரனிடமும் இதைச் சொன்னேன், அக்கறையாகக் கேட்டுக்கொண்டான்.

அதே ஸ்பூலரைப் பற்றி ஒரு பயனுள்ள வழி. அச்சு பாதியில் சிக்கி, நீக்கினாலும் நீங்காமல் வரிசையில் நிற்கும் அல்லவா? விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, சர்வீசஸ் டாட் எம்எஸ்சி என்று அடித்துத் திறந்து, பிரின்ட் ஸ்பூலரை ஸ்டாப் கொடுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ். அந்தக் கடைசிக் கோப்புறையின் உள்ளே இருப்பதை மட்டும் நீக்கிவிட்டு, சர்வீஸை மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால் வரிசை சுத்தமாகிவிடும். பிரிண்டரைக் கழற்றி மாட்டி, மறுபடி நிறுவி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

புதுவயலில் ஒரு அரிசி ஆலை அலுவலகத்தில் போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் இணையம். மதியத்துக்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். அந்த வைஃபை இணைப்பின் அமைப்பில் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்பதை ஆன் செய்தால் போதும், பெரிய புதுப்பிப்புகளை விண்டோஸ் தானாக இறக்காது. கூடவே 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' பகுதியில், மற்ற கணினிகளோடு பகிரும் வசதியை அணைத்துவிடுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை மட்டும் நல்ல இணைப்பில் சேர்த்துப் புதுப்பிப்பை வாங்கிக்கொள்ள வேண்டும், அதை மறக்கக் கூடாது.

ஆத்தங்குடியில் பார்த்தது

இதுவரை சொன்னவை எல்லாம் நல்ல ப்ராசஸ்கள். கெட்டது ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடையாளம் காணும் வழி அதில்தான் இருக்கிறது.

ஆத்தங்குடிப் பக்கம் தரைக்கல் பட்டறை ஒன்றில், பூ வேலைப்பாடுகளை வரைந்து வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரு நல்ல கணினி வைத்திருந்தார்கள். யாரும் தொடாமல் இருக்கும்போது அதன் காற்றாடி ஓவென்று இரையும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அரை நிமிடத்தில் அடங்கிவிடும். மூடினால் மறுபடி இரையும். தூசி என்று முதலில் சொல்லியிருக்கிறார்கள். பட்டறையில் சிமென்ட் தூசிக்குக் குறைவில்லைதான். ஆனால் டாஸ்க் மேனேஜரைப் பார்த்துத் தூசி பயப்படாது. கண்காணிக்கும் நிரல் திறந்ததும் ஒளிந்துகொள்வது, மறைவாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்கள் சிலவற்றின் குணம்.

இப்படிப்பட்ட நேரத்தில் ஓடுவதைத் தேடுவதைவிட, ஓட வைப்பது எது என்று தேட வேண்டும். அதற்கு ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-இல் தொடங்கிய அந்தத் தளத்தை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது, இப்போதும் மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கிறது. கணினி எழும்போது தானாகத் தொடங்கும் எல்லாவற்றையும், ஸ்டார்ட்அப், சர்வீஸ், குறித்த நேர வேலைகள், உலாவி இணைப்புகள் என்று ஒரே இடத்தில் கொட்டிக் காட்டும். அதில் குறித்த நேர வேலைகள் பகுதியில் 'அப்டேட்' என்று நல்ல பிள்ளை போல ஒரு பெயர். அது காட்டிய கோப்பு, பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரோடு உட்கார்ந்திருந்தது.

உண்மையான எஸ்விசிஹோஸ்ட் அங்கே இருக்காது. விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32-வில் இருக்கும், இன்னொரு நகல் சிஸ்வாவ்64-இல். சர்வீஸ்களை ஓட்டும்போது அதைத் தொடங்கி வைப்பது சர்வீசஸ் என்ற தாய்ப் ப்ராசஸ். கையொப்பம் மைக்ரோசாஃப்ட்டுடையது. ஆகவே சந்தேகப்படும் எந்தப் பெயரானாலும் டாஸ்க் மேனேஜரில் அதன் மேல் வலது சொடுக்கு, 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்'. எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ப்ராபர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் பக்கம். பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். இடத்தையும் கையொப்பத்தையும் பொய்யாக்குவது அவ்வளவு எளிதில்லை. ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்று அதே தொகுப்பில் இன்னொரு கருவி உண்டு. எது எதைத் தொடங்கியது என்று மரம் போட்டுக் காட்டும்.

அந்தக் கணினியில் விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அது சோதிக்காமல் விட வேண்டியவற்றின் விலக்குப் பட்டியலில் அந்த ஆப்டேட்டா கோப்புறை சேர்க்கப்பட்டிருந்தது. வேலைப்பாடு வரைய யாரோ இலவசமாகக் கொடுத்த, பூட்டு உடைத்த மென்பொருளோடு அது வந்திருக்கிறது. நிறுவும்போது நிர்வாகி அனுமதி கேட்டிருக்கும், கொடுத்திருப்பார்கள். இணையத்தைத் துண்டித்தோம். வரைபடங்களை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். அப்படி நிர்வாகி உரிமை பெற்று உள்ளே இருந்த ஒன்றை அழித்துவிட்டுப் பழைய விண்டோஸையே நம்புவது எனக்குச் சம்மதமில்லை. வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை எல்லாம் போனிலிருந்து மாற்றச் சொன்னேன். பட்டறைக்காரர் அன்றைக்கே காசு கொடுத்து முறையான மென்பொருளை வாங்கினார்.

நான் எதை நிறுத்துவேன்

நிறுத்தவே கூடாது என்று சொல்ல வரவில்லை. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் வெளி நிரல்கள். அரட்டைச் செயலிகள், விளையாட்டுத் தொடக்கிகள், எப்போதோ வாங்கி இப்போது இல்லாத பிரிண்டரின் உதவி நிரல், பயன்படுத்தாத மென்பொருளின் அப்டேட்டர். இவற்றைத் தாராளமாக நிறுத்துவேன். உலாவியை மூடிய பிறகும் பின்னணியில் ஓடும் வசதி அதன் அமைப்பில் இருந்தால் அதையும் அணைப்பேன். நான்கு ஜிபி கணினியில் இதனால் கிடைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும்.

ஸ்டார்ட்அப் பக்கத்திலும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அணைக்கக் கூடாது. தேவகோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் அப்படிச் செய்துவிட்டு, தமிழ் எழுத்து வரவில்லை என்று முகூர்த்த நேரத்தில் தவித்தார்கள். என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை எல்லாம் பின்னணியில் ஓடினால்தான் தமிழ் வரும். விண்டோஸின் சொந்த உள்ளீட்டுக்கு சிடிஎஃப்மோன் என்ற ப்ராசஸ் வேண்டும். அதை முடக்கினால் விண்டோஸ் 10-இல் ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில்கூட எழுத்து விழாமல் போகலாம். டேலி வைத்திருப்பவர்கள் அதன் கேட்வே சர்வர் என்ற சர்வீஸைத் தொடாதீர்கள், உரிமம் சரிபார்ப்பது அதன் வழியாகத்தான்.

விண்டோஸின் சொந்த சர்வீஸ் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும் என்றால், நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. முதலில், தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்குவது. சர்வீஸின் ப்ராபர்ட்டீஸில் 'டிபெண்டன்சீஸ்' பக்கத்தைத் திறந்து, இதை நம்பி எது எது நிற்கிறது என்று படிப்பது. கீழ்ப் பாதியில் நீளமான பட்டியல் இருந்தால் கையை எடுத்துவிடுவேன். ரிமோட் ப்ரொசீஜர் கால், டிகாம் லாஞ்சர் போன்றவற்றை நம்பித்தான் முக்கால்வாசி விண்டோஸ் நிற்கிறது. மாற்றுவதாக இருந்தால் நேராக 'டிசேபிள்ட்' கொடுக்க மாட்டேன், 'மேனுவல்' கொடுப்பேன். மேனுவல் என்றால் ஓடவே ஓடாது என்று பொருளில்லை. வேறு ஒன்று கூப்பிட்டால் எழும், விண்டோஸ் 7-லிருந்து சில நிகழ்வுகள் நடந்தாலும் தானாக எழும். தேவை இருந்தால் எழட்டும், இல்லையென்றால் தூங்கட்டும். இன்னொரு நல்ல வழி 'ஆட்டோமேட்டிக் டிலேய்ட் ஸ்டார்ட்'. கணினி எழுந்து ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்துத் தொடங்கும். காலை நெரிசலைப் பரத்திவிட இது உதவும், வேலையும் கெடாது.

ஒரு தடவைக்கு ஒன்றுதான் மாற்றுவேன். மாற்றிய பெயரையும், பழைய நிலையையும், தேதியையும் கணினிப் பக்கத்திலேயே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்வேன். பத்து பைசா வரவு செலவையும் பேரேட்டில் ஏற்றிப் பழகிய ஊர் இது. இந்த ஒரு வரி எழுதுவது யாருக்கும் கடினமாக இருந்ததில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அடுத்தது.

சர்வீஸ் ஒன்று அடிக்கடி விழுந்து எழுகிறதா என்று அறிய, கணினியில் நடந்தவற்றின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போங்கள். 7031, 7034 என்ற எண்கள் தென்பட்டால் ஏதோ ஒரு சர்வீஸ் எதிர்பாராமல் நின்றிருக்கிறது. அதன் பெயரும் நேரமும் அங்கேயே இருக்கும். வேகம் குறைந்த நேரத்தோடு அந்த நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

லினக்ஸ் வைத்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளும் என்னிடம் கேட்பதுண்டு. பெயர்கள்தான் வேறு. பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில் சர்வீஸ்களை ஆள்வது சிஸ்டம்டி. கணினி எழும்போது எந்த சர்வீஸ் எவ்வளவு நேரம் எடுத்தது என்று ஒரே கட்டளையில் வரிசைப்படுத்திச் சொல்லிவிடும், விண்டோஸில் இவ்வளவு எளிதான வழி இல்லை என்பது எனக்குக் குறைதான். ஆனால் அங்கும், பட்டியலில் மேலே நிற்பதெல்லாம் தாமதத்துக்குக் காரணமில்லை. பல சர்வீஸ்கள் பக்கம் பக்கமாக எழுகின்றன. மற்றவை எதற்காகக் காத்து நிற்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இந்தப் பக்கக் கடைகளில் இன்னும் நிறைய விண்டோஸ் 10 கணினிகள் இருக்கின்றன. புதுப்பிப்பு வராததால் புதன்கிழமைத் திணறல் குறைந்துவிட்டது என்று சிலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். எனக்கு அது கவலையாக இருக்கிறது. வங்கிப் பரிவர்த்தனை நடக்கும் கணினி என்றால், விண்டோஸ் 11 ஏற்கிறதா என்று பாருங்கள். ஏற்கவில்லை என்றால், மைக்ரோசாஃப்ட்டின் நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்திலோ லினக்ஸிலோ அதைக் கொண்டு சேர்க்கப் பாருங்கள்.

உங்கள் ஊரில் யாரிடமாவது கணினியைக் காட்டப் போகிறீர்கள் என்றால், போவதற்கு முன் திணறும் அந்த நேரத்திலேயே போனில் சில படங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் வரிசைப்படி ஒன்று, சிபியு வரிசைப்படி ஒன்று, மெமரி வரிசைப்படி ஒன்று, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அப் டைம் தெரியும்படி ஒன்று. கடைசியாக எதை நிறுவினீர்கள், எதை நிறுத்தினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போடும்போது எந்தக் கணினியும் ஒழுங்காகத்தான் ஓடும். அந்தப் படங்கள் இருந்தால் பார்ப்பவருக்கு ஊகிக்க வேண்டிய வேலை இல்லை.